அக்டோபரில் ஒரு சனிக்கிழமையை எங்களுக்குக் கொடுங்கள்

அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் நிர்வாகக் குழுவினருக்கும், ஊர்தோறும் இருக்கும் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பதினோரு ஆண்டுகளாக ஒரு தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் நிலைக்குப் பாடம் எடுத்து வருகிறேன். ரகரம், றகரம், ழகரம் என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன ஆள். ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் பையன்களுக்கு வேட்டி கட்டிவிடுவதிலிருந்து, பொங்கல் விழா முடிந்து வகுப்பறை நாற்காலிகளை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துச் சாவியை ஒப்படைப்பது வரை உங்களோடு நின்றிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நம் பள்ளிகளின் ஆண்டு நாட்காட்டியில் திருக்குறள் போட்டி இருக்கிறது, பேச்சுப் போட்டி இருக்கிறது, சுற்றுலா இருக்கிறது. கல்லூரிப் படிப்புக்கு நிதி உதவி கேட்டு விண்ணப்பிப்பது எப்படி என்று பெற்றோருக்குச் சொல்ல ஒரு மணி நேரம்கூட இல்லை.

"கல்லூரிக் கருத்தரங்கு நடத்துகிறோமே" என்பீர்கள். உண்மைதான். நான் போன கருத்தரங்கு ஒன்று இரண்டரை மணி நேரம் நடந்தது. எஸ்.ஏ.டி. மதிப்பெண், கட்டுரை எழுதும் விதம், எந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைப்பது கடினம் என்று எல்லாம் பேசினார்கள். பணத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி வந்தது. "நம்ம வருமானத்துக்கு அதெல்லாம் கிடைக்காதுங்க" என்றார் மேடையில் இருந்தவர். அரங்கம் சிரித்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

நானும்தான் சிரித்தேன்.

என் மூத்த மகள் 2024 இலையுதிர் காலத்தில் கல்லூரியில் சேர்ந்தாள். அந்தக் கல்வியாண்டுக்கான ஃபாஃப்சா படிவம், அதாவது ஃபெடரல் அரசின் கல்வி நிதி உதவிக்கான விண்ணப்பம், பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கலாம். வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும் படிவம், புது வடிவத்துக்கு மாற்றுகிறோம் என்று 2023 டிசம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனது. நிரப்பியவர்களின் விவரம் கல்லூரிகளுக்குப் போய்ச் சேர மார்ச் ஆகிவிட்டது. நாடு முழுக்கப் பெற்றோர் அல்லாடினார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "நல்லவேளை, நமக்கு இந்தத் தலைவலி இல்லை" என்று போட்டது நானேதான். கணவர் மென்பொருள் வேலையில் இருந்தார், நானும் பகுதி நேரம் வேலை பார்த்தேன். படிவத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

2025 ஜனவரியில் கணவருக்கு வேலை போயிற்று. மகளின் முதல் ஆண்டு பாதியில் இருந்தது. கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "வேலை போனதைச் சொல்லி மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் உங்கள் மகளின் ஃபாஃப்சா எங்களிடம் இல்லையே. எதை வைத்து மறுபரிசீலனை செய்வது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரியில் உட்கார்ந்து நிரப்பினோம். 2024–25 படிவத்தை 2025 ஜூன் 30 வரை அனுப்பலாம் என்பதால் கதவு முழுதாக மூடியிருக்கவில்லை. ஆனால் அந்தப் படிவம் பார்ப்பது 2022-ஆம் ஆண்டின் வருமானத்தை. அப்போது எங்கள் வருமானம் நன்றாக இருந்தது. பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையில்லாதோர் உதவித்தொகைக் கணக்கு என்று எல்லாவற்றையும் இணைத்து மறுபரிசீலனை கேட்டோம். எங்கள் நிலையை ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆண்டுக்குக் கல்லூரி தன் கையிலிருந்து கொடுக்கும் தொகையெல்லாம் ஏற்கெனவே பங்கு போட்டு முடிந்திருந்தது. மாநில உதவிக்கான முன்னுரிமைத் தேதியும் தாண்டிவிட்டது. கையில் வந்தது மகள் பெயரில் ஃபெடரல் அரசு தரும் 5,500 டாலர் கடன் ஒன்றுதான். மறு ஆண்டு நேரத்தோடு விண்ணப்பித்தோம், மறுபடி முறையிட்டோம், கல்லூரியின் உதவித்தொகை வந்தது. அதே குடும்பம், அதே நெருக்கடி. படிவம் போன தேதிதான் வேறு.

சரி, என் கதை போதும். இதே "நமக்குக் கிடைக்காது" எத்தனை வீடுகளில் ஓடுகிறது என்று அதற்குப் பிறகுதான் காதைத் திறந்து கேட்க ஆரம்பித்தேன். வகுப்பு முடியும்வரை வெளியே கார் அருகே நின்று பேசும் பெற்றோரிடம் விசாரித்தேன். அவர்கள் சொன்ன காரணங்களைப் பார்த்தால், பாதிக்கு மேல் தப்பான தகவல்.

முதலில் இந்த வருமானக் கணக்கு. ஃபாஃப்சாவை நிரப்புவதற்கு வருமான வரம்பு எதுவும் கிடையாது. திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிரான்ட் தேவை அதிகமுள்ள குடும்பங்களுக்குத்தான், உண்மை. ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். ஆனால் மாணவர் பெயரில் கிடைக்கும் ஃபெடரல் கடனுக்கு, வட்டி மானியம் இல்லாத வகையில், பெற்றோரின் வருமானம் தடையே இல்லை. முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, அதற்கு மேல் ஆண்டுக்கு 7,500 டாலர் என்று வரம்பு. இதற்கும் ஃபாஃப்சா வேண்டும். மதிப்பெண்ணுக்காகத் தரும் சில ஸ்காலர்ஷிப்களுக்குக்கூட, படிவம் கோப்பில் இருக்க வேண்டும் என்று கேட்கும் கல்லூரிகள் உண்டு.

அடுத்து, "பெரிய கல்லூரி என்றால் பெரிய செலவு" என்ற நம்பிக்கை. 2025–26 முதல் ஹார்வர்டில், வழக்கமான அளவு சொத்துள்ள குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரை இருந்தால் கல்விக் கட்டணம் இல்லை. எம்.ஐ.டி.யிலும் அதே 2 லட்சம். டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழுமத்தில் 1 லட்சம் டாலர் வரை உள்ள மாநிலவாசிகளுக்குக் கல்விக் கட்டணத்தை நீக்கியிருக்கிறார்கள். ஹார்வர்டில் இடம் கிடைப்பது வேறு கதை, அதை நான் பேச வரவில்லை. கட்டணப் பட்டியலில் போட்டிருக்கும் விலையும் ஒரு குடும்பம் கடைசியில் கட்டும் விலையும் வேறு வேறு என்பதற்காகச் சொல்கிறேன். நம்மவர்கள் பட்டியல் விலையைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குத் தெரியாமலேயே அந்தக் கல்லூரியின் பெயரை அடித்துவிடுகிறார்கள். அல்லது அந்த விலையை அப்படியே கட்ட வேண்டும் என்று நினைத்து வீட்டின் மேல் கடன் வாங்குகிறார்கள். ஃபெடரல் உதவி பெறும் கல்லூரிகள் எல்லாம் உதவி போகக் குடும்பம் கட்ட வேண்டியிருக்கும் தொகையைத் தோராயமாகச் சொல்லும் நிகர விலைக் கணிப்பான் ஒன்றைத் தங்கள் இணையதளத்தில் வைத்தாக வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். பதினொன்றாம் வகுப்பிலேயே, ஏன், பத்தாம் வகுப்பிலேயே அதில் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் பெயர் கேட்காது, பதிவு செய்யச் சொல்லாது. இருபது நிமிட வேலை. கத்தரிக்காய்க்கே நாலு கடையில் விலை விசாரிக்கிற நாம், இதை மட்டும் ஒரு இடத்தில்கூட விசாரிக்காமல் விட்டுவிடுகிறோம்.

விசா விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நம் குடும்பங்களில் குழப்பம் அதிகம், இழப்பும் அதிகம். ஃபெடரல் உதவிக்குப் பார்ப்பது மாணவரின் குடியுரிமையை, பெற்றோருடையதை அல்ல. அப்பா எச்-1பி வேலை விசாவில், அம்மா அவரைச் சார்ந்த எச்-4 விசாவில், பிள்ளை இங்கே பிறந்த அமெரிக்கக் குடிமகள் என்றால், அவள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். க்ரீன் கார்டு இருக்கும் பிள்ளையும் அப்படியே. "எங்களுக்கு இன்னும் க்ரீன் கார்டே வரலை, எங்கே விண்ணப்பிக்கறது?" என்று என்னிடம் சொன்ன ஒரு அம்மாவின் மகன் இந்த நாட்டில் பிறந்தவன். அம்மாவிடம் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை என்பதும் முட்டுக்கட்டை அல்ல. கணவனும் மனைவியும் சேர்த்தே வரி தாக்கல் செய்திருந்தால் பெற்றோரில் ஒருவர் படிவத்தில் சேர்ந்தாலே போதும். அந்த எண் இல்லாதவரும் படிவத்தை நிரப்பும் ஸ்டூடன்ட்எய்ட்.கவ் தளத்தில் கணக்குத் தொடங்க வழி இருக்கிறது.

எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபெடரல் உதவி கிடையாது. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். நான்கு வயதில் வந்து, நம் பள்ளியிலேயே எட்டு நிலையும் முடித்து, ஆண்டு விழாவில் தொகுத்து வழங்கும் பிள்ளைகள் இவர்கள். க்ரீன் கார்டு வரிசை நகர்வதற்குள் 21 வயதாகி, எச்-4 தகுதியையே இழந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். ஒரே வீட்டில் அக்காவுக்கு எச்-4, தம்பிக்குப் பிறப்புக் குடியுரிமை. அக்காவுக்கு இல்லை என்று தெரிந்துகொண்ட பெற்றோர், தம்பி முறை வரும்போதும் படிவத்தைத் தொடுவதில்லை. அக்காவுக்கும் வழியே இல்லை என்று கைவிட வேண்டியதில்லை. பல மாநிலங்களில் எச்-4 மாணவர்களுக்கு உள்மாநிலக் கட்டணம் உண்டு. குடியுரிமை நிபந்தனை இல்லாத கல்லூரி ஸ்காலர்ஷிப்கள் உண்டு. யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத் போன்ற சில கல்லூரிகள், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறார் என்பதைச் சேர்க்கையில் கணக்கில் எடுப்பதில்லை. சேர்த்துக்கொண்டால் தேவை முழுவதையும் கொடுக்கின்றன. மற்ற கல்லூரிகள் பலவற்றில் உதவி கேட்பதே இடத்தைப் பாதிக்கக்கூடும். இந்த வித்தியாசத்தை யாராவது அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து சொல்ல வேண்டும். பள்ளிக் கவுன்சிலர் சொல்வார் என்று நம்ப முடியவில்லை. ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் என்பது அவர்களுடைய தொழில்முறை அமைப்பே பரிந்துரைக்கும் அளவு. நாட்டுச் சராசரி அதற்கு வெகு மேலே இருக்கிறது. எச்-4 நுணுக்கமெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

அப்புறம் நம் பெயர்கள்! இதைக் கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் விண்ணப்பம் நின்றுபோகிற இடம் இதுதான். எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பம்: அப்பா செந்தில்குமார் மாணிக்கம், அம்மா கவிதா செந்தில்குமார், மகள் யாழினி செந்தில்குமார். அப்பாவின் கடைசிப் பெயர் தாத்தாவுடையது, மகளின் கடைசிப் பெயர் அப்பாவுடைய முதல் பெயர். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். அதே ஆளுக்கு ஓட்டுநர் உரிமத்தில் ஒன்று, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இன்னொன்று. ஃபாஃப்சாவுக்காக மாணவரும் பெற்றோரும் தனித்தனியே தொடங்கும் கணக்கு, சோஷியல் செக்யூரிட்டி ஏட்டில் உள்ள பெயரோடும் பிறந்த தேதியோடும் ஒத்துப்போக வேண்டும். அட்டையில் எப்படி இருக்கிறதோ, முன்னும் பின்னுமாக மாறியிருந்தாலும், அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். ஏட்டிலேயே தப்பு என்றால் அதைத் திருத்த வாரக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் பெயர் சரிபார்க்கிற வேலையை ஆகஸ்டிலேயே முடிக்கச் சொல்கிறேன். ஒரு மின்னஞ்சல் முகவரியை, ஒரு கைபேசி எண்ணை, ஒரு கணக்குக்கு மேல் பயன்படுத்த முடியாது. அப்பாவே எல்லாருக்கும் தன் எண்ணைக் கொடுத்துவிடும் நம் வழக்கம் இங்கே செல்லாது. பிள்ளை பள்ளிக்கூட மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டால், பள்ளி முடிந்ததும் அது மூடிக்கொள்ளும். அப்புறம் கடவுச்சொல்லை மீட்க முடியாமல் தவிக்க வேண்டியதுதான்.

சொத்துப் பக்கத்திலும் நமக்கென்றே சில முடிச்சுகள் இருக்கின்றன. குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கணக்கில் எடுப்பதில்லை. 401(கே) போன்ற ஓய்வூதியச் சேமிப்பையும் எடுப்பதில்லை. ஆனால் ஊரில் உங்கள் பெயரில் வாங்கிப் போட்ட அடுக்ககம், மனை, வாடகைக்கு விட்ட வீடு, வங்கியில் போட்ட வைப்புத்தொகை எல்லாம் உங்கள் முதலீடு. கடன் போக மீதி மதிப்பைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "அது இந்தியாவில்தானே இருக்கு" என்பது பதில் ஆகாது. அப்பா அம்மா குடியிருக்கும் வீடுதான், ஆனால் பத்திரம் உங்கள் பெயரில் என்றால் அதுவும் உங்களுடையதுதான். அவர்கள் பெயரிலேயே இருக்கும் பூர்வீக வீடு உங்கள் கணக்கில் வராது. மறைத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: படிவத்தில் போடும் கையெழுத்து ஃபெடரல் அரசுக்குக் கொடுக்கும் உறுதிமொழி. அதோடு, சொல்வதால் ஆகிற நஷ்டம் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. குடும்பத்தால் ஓர் ஆண்டுக்குக் கட்ட முடியும் என்று போடும் கணக்கில், பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான் சேர்கிறது. பிள்ளையின் பெயரில் இருக்கும் பணத்துக்கோ 20 சதவீதம். பேத்தி பெயரில்தான் போடுவேன் என்று தாத்தா அடம்பிடித்துப் போட்ட பணம் இப்படி வந்து நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வருமானக் கணக்கின் ஆண்டும் பின்னால் தள்ளியது என்று சொன்னேன். 2027 இலையுதிர் காலத்தில் கல்லூரி சேரும் பிள்ளைக்கு 2025-ஆம் ஆண்டின் வரித் தாக்கலைப் பார்ப்பார்கள். பொதுவாகச் சொன்னால், பிள்ளை பத்தாம் வகுப்பின் நடுவில் இருக்கும் ஜனவரியிலிருந்து பதினொன்றாம் வகுப்பின் நடுவில் வரும் டிசம்பர் வரை உள்ள வருமானம்தான் முதல் ஆண்டு உதவியைத் தீர்மானிக்கிறது. அந்த ஆண்டில் ஊரில் நிலத்தை விற்றால் அந்த லாபமும் இங்கே வரிக் கணக்கில் ஏறி வருமானமாக நிற்கும். கம்பெனிப் பங்கை விற்றாலும் அப்படித்தான். விற்பதைத் தள்ளிப்போட முடியுமா என்பது அவரவர் நிலைமை. ஆனால் இதையெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில் வந்து சொல்வது, பந்தி முடிந்து இலையை எடுத்த பிறகு கூப்பிடுவது மாதிரி. அதனால்தான் பத்தாம் வகுப்புப் பெற்றோரையும் கூப்பிடச் சொல்கிறேன்.

இரட்டைப் பிள்ளைகள், ஒன்றிரண்டு வயது இடைவெளியில் அக்கா தம்பி இருக்கும் வீடுகளுக்கு ஒரு கசப்பான செய்தி: ஒரே சமயத்தில் இருவர் கல்லூரியில் இருந்தால் பெற்றோர் பங்கைப் பகிர்ந்து கணக்கிட்ட பழைய முறை 2024–25 முதல் ஃபாஃப்சாவில் இல்லை. சில தனியார் கல்லூரிகள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுக்கும்போது இன்னமும் பார்க்கின்றன. அவற்றில் பல, கல்லூரி வாரியம் நடத்தும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற இரண்டாவது படிவத்தைக் கேட்கும். இது துருவித் துருவிக் கேட்கும். குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் கேட்கும். கட்டணம் உண்டு, ஆனால் ஆண்டு வருமானம் 1 லட்சம் டாலர் வரை உள்ள உள்நாட்டுக் குடும்பங்களுக்கு இல்லை. இதில் நம்மவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய ஒரு பகுதி, தனிப்பட்ட சூழ்நிலைகளை எழுதச் சொல்லும் இடம். மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணம், அம்மாவின் டயாலிசிஸ் செலவு, தங்கை திருமணத்துக்கு வாங்கிய கடன், இவை எதையும் ஃபாஃப்சா கேட்காது. இங்கே எழுதலாம். எழுதினால் கட்டாயம் குறைப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். எழுதாவிட்டால் அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

இத்தனை விவரமும் இணையத்தில் கிடைக்கிறதே, தமிழ்ப் பள்ளி எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். தகவல் கிடைக்காததால் மட்டும் நம்மவர்கள் விண்ணப்பிக்காமல் இல்லை. வெட்கம்தான் பெரிய காரணம். 'எய்டு' என்ற சொல்லே நமக்குக் கையேந்துவது போலக் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைக்கு முழுக் கட்டணம் கட்டுகிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அவரும் நம்மைப் பற்றி அப்படியே நினைத்துக்கொள்கிறார். எங்கள் வீட்டில் வேலை போனதை நான்கு மாதம் தமிழ்ப் பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் சிரித்த முகத்தோடு வந்து பாடம் எடுத்துவிட்டுப் போனேன். பிறகு ஒருநாள் இன்னொரு ஆசிரியையிடம் வாய் தவறிச் சொன்னேன். "எங்க வீட்டிலயும்தான், ஆறு மாசமாச்சு" என்றார். அன்று நாங்கள் இரண்டு பேரும் வாகன நிறுத்தத்தில் நின்று ஒரு மணி நேரம் பேசினோம். அவர் மகன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. படிவம் அனுப்பவில்லை. அன்று இரவே அவர் வீட்டில் உட்கார்ந்து அனுப்பினோம்.

அதிகம் பேசாத இன்னொன்றும் இருக்கிறது. பிரிந்து வாழும் பெற்றோர். நம் சமூகத்தில் அப்படிக் குடும்பங்கள் இருக்கின்றன, வெளியே சொல்லாமல் இருக்கின்றன. ஃபாஃப்சா அவர்களைப் பொறுத்தவரை தெளிவாக இருக்கிறது: முந்தைய பன்னிரண்டு மாதங்களில் பிள்ளைக்கு அதிகம் செலவு செய்தவர் யாரோ அவர் விவரம் போதும். தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய் இது தெரியாமல், பேச்சே இல்லாத முன்னாள் கணவரின் வரித்தாளுக்காகக் காத்திருந்து தேதியைத் தவறவிட்டதை எனக்குத் தெரியும். சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் கேட்கும் கல்லூரிகள் பல இருவர் விவரத்தையும் கேட்கும் என்பது உண்மை. தொடர்பே இல்லாத நிலையில் விலக்குக் கேட்டு எழுதலாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வரும் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. படிவம் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் திறக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் சட்டமே வந்துவிட்டதால் 2023 மாதிரிக் குழப்பத்துக்குப் பயப்பட வேண்டாம். இரண்டாவது சனிக்கிழமை வைத்துக்கொள்வோம். வழக்கமான வகுப்பு நடக்கட்டும். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், காரில் உட்கார்ந்து கைபேசி பார்க்கிற பெற்றோர் நூலக அறைக்கு வரட்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு வந்தால் அங்கேயே படிவத்தை அனுப்பிவிடலாம். வரி விவரம் வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து நேராக வந்துவிடுவதால், கணக்குகள் முன்பே தயாராக இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த விவரத்தை எடுக்க மாணவர், பெற்றோர் இருவருமே ஒப்புதல் கொடுத்தாக வேண்டும். ஒருவர் மறுத்தாலும் ஃபெடரல் உதவி கிடையாது. "என் வரிக் கணக்கை என் பிள்ளை பார்த்துவிடுவானோ" என்று தயங்கும் அப்பாக்களுக்கு: பார்க்க முடியாது, அந்த எண்கள் திரையில் காட்டப்படுவதில்லை.

மேசைகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடுங்கள். அடுத்தவர் திரை யாருக்கும் தெரியக் கூடாது. தன்னார்வலர் யாரும் பிறர் கணக்கில் தட்டச்சு செய்யக் கூடாது, கடவுச்சொல்லைக் கேட்கக் கூடாது, வருமானத்தை வாய்விட்டுக் கேட்கவே கூடாது. எங்கே அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருகிறேன் என்று வரும் விளம்பரதாரர் யாரையும் அன்று உள்ளே விடாதீர்கள், ஆண்டு விழா மலருக்கு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தவராக இருந்தாலும் சரி. ஃபாஃப்சா என்ற பெயரின் முதல் எழுத்தே இலவசம் என்பதைத்தான் குறிக்கிறது.

மார்ச், ஏப்ரலில் கல்லூரிகளின் உதவிக் கடிதங்கள் வந்த பிறகு இன்னொரு முறை கூடினால் நல்லது. ஒரே கடிதத்தில் திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை, வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய தொகை, கடன் மூன்றையும் கூட்டி "உங்களுக்கான உதவி" என்று போட்டிருப்பார்கள். கல்லூரிகளில் 91 சதவீதம் நிகர விலையைச் சொல்லாமலோ குறைத்தோ காட்டுகின்றன என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2022-இல் மதிப்பிட்டிருக்கிறது. மீதியைப் பெற்றோர் கடனில் சமாளித்துவிடலாம் என்றிருந்தவர்களுக்கும் நிலைமை மாறிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஃபெடரல் பெற்றோர் கடன், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து கணக்குப் போடுவது கடினம்.

நிர்வாகக் குழுவுக்கு வேலை அதிகம் என்று தெரியும். புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை, இரண்டாம் நிலைக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை, அரங்க வாடகை ஏறிவிட்டது. எங்கள் பிள்ளைகளின் தமிழுக்கு உயர்நிலைப் பள்ளியில் மொழிப்பாட மதிப்பு வாங்கிக் கொடுக்க நீங்கள் கல்வி மாவட்ட அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தீர்கள் என்று பார்த்தவள் நான். அதில் பத்தில் ஒரு பங்கு உழைப்புகூட இதற்கு வேண்டாம். அறையும் அறிவிப்பும் மட்டும் உங்கள் பொறுப்பு. மற்றதை நானும், வாகன நிறுத்தத்தில் என்னோடு நின்று பேசிய அந்த ஆசிரியையும் பார்த்துக்கொள்கிறோம். வேறு ஊர்களில் யார் எடுத்துச் செய்தாலும், நாங்கள் தமிழில் எழுதி வைத்திருக்கும் நான்கு பக்கக் குறிப்பை அனுப்பித் தருகிறோம். பெயர் எழுதும் முறைக்கே அதில் ஒரு முழுப் பக்கம் போய்விட்டது.

எங்கள் பள்ளியில் அறை முன்பதிவுப் படிவம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் போகும். அதில் அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமைக்கு நேரே, நூலக அறை, காலை 10 முதல் 12 என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். என் இளையவன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவனுக்காகவும் நான் அன்று அங்கே ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
மூன்றாம் நிலை ஆசிரியை